அதிசயச் சேதியும் அவசர அபிப்பிராயமும்

தர்மபுரி ஜில்லாவில் எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும், சந்தையை ஒட்டிய டீக்கடை பெஞ்சியில் நாலு பேர் உட்கார்ந்து கொண்டு ஒரு கைப்பேசியைச் சுற்றித் தலையைக் குனிந்து பேசிக் கொண்டிருப்பதைக் காணலாம். பாலக்கோட்டுத் தக்காளி இன்றைக்கு என்ன விலைக்குப் போயிற்று என்பதைப் பற்றியோ, அரூர்ப் பக்கம் மழை உண்டா என்பதைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று யாராவது நினைத்தால் அது தப்பாகும். எங்கோ ஓர் ஊரில் வேப்பமரத்தில் பால் வடிந்ததாம். எங்கோ ஒரு மாடு மனித முகத்தோடு கன்று போட்டதாம். எங்கோ ஒரு சாமியார் நெருப்பில் படுத்து எழுந்தாராம். இந்த "ஆம்"களைப் பற்றித்தான் அங்கே பலத்த விவாதம் நடக்கும்.

சேதி வந்து ஐந்து நிமிஷத்திற்குள் அதைப் பற்றிய அபிப்பிராயமும் தயாராகி விடுகிறது. "கலி முற்றிவிட்டது" என்பார் ஒருவர். "இதில் ஏதோ இருக்கிறது, இல்லாவிட்டால் இத்தனை பேர் சொல்லுவார்களா?" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் "எல்லாம் சுத்தப் பொய்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவார். நான்காமவரோ வாயையே திறக்காமல் அந்தச் சேதியைத் தன் பந்துக்கள் பத்துப் பேருக்கு அனுப்பி விட்டு டீயைக் குடிப்பார். இந்த நால்வரில், அது எந்த ஊர், என்றைக்கு நடந்தது, யார் கண்ணால் பார்த்தது என்று கேட்டவர் ஒருவராவது உண்டா என்றால் இல்லை. "எல்லாம் பொய்" என்று சொன்னவரும் கேட்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம். விசாரியாமல் நம்பினவருக்கும், விசாரியாமல் மறுத்தவருக்கும் பெயர்தான் வேறே ஒழிய, காரியத்தில் வித்தியாசம் ஒன்றும் நமக்குத் தெரியவில்லை.

ஜனங்கள் அதிசயச் சேதிகளைப் பேசுவதையே நாம் குற்றமாகச் சொல்ல வந்திருப்பதாக யாரும் கருதிவிட வேண்டாம். உழைத்துக் களைத்தவன் நாலு பேரோடு உட்கார்ந்து ஒரு விநோத சங்கதியைப் பேசிச் சிரிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. அன்றியும், அதிசயப்படுகிற குணம் மனிதனுக்கு மட்டும் வாய்த்த குணமாகும். மாடு கிரகணத்தைக் கண்டு அதிசயப்பட்டு அது ஏன் என்று யோசித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. மனிதன்தான் அதிசயப்பட்டான், ஏன் என்று கேட்டான், கணக்குப் போட்டான், அடுத்த கிரகணம் எத்தனை மணி எத்தனை நிமிஷத்திற்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்தான். ஆகவே அதிசயம் நமக்கு விரோதியல்ல. அந்த "ஏன்" என்பதைக் கேட்பதற்குள் அபிப்பிராயம் முந்திக் கொண்டு வந்து நிற்பதுதான் நமக்கு ஆக்ஷேபணை.

முன் காலத்தில் பூசாரியும் புரோகிதனும் "கேட்காதே, கேட்டால் சாமி குற்றம்" என்று தடுத்து வந்தார்கள். தடுத்தது அயோக்கியத்தனமானாலும், கேட்பதற்கு ஒரு கேள்வி உண்டு என்பதையாவது அவர்கள் ஒப்புக் கொண்டார்கள். இன்றைய கைப்பேசிக்கு அந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு சேதியைப் பற்றிக் கேள்வி தோன்றுவதற்கு முன் அடுத்த சேதியைக் கொண்டு வந்து காட்டிவிடுகிறது.

ஆனாலும் குற்றத்தையெல்லாம் கைப்பேசியின் தலையில் போட்டுவிட நாம் தயாராயில்லை. 1995ம் வருஷம் செப்டம்பர் மாதம் 21ந் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். டெல்லியில் ஒரு கோவிலில் விடியற்காலையில் பிள்ளையார் சிலை பால் குடித்தது என்று கிளம்பிய சேதி, பொழுது சாய்வதற்குள் இந்தியா முழுவதும் பரவி, கடல் கடந்து லண்டன் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அப்பொழுது வாட்ஸ்அப் ஏது? டெலிபோனும் வாய்ச்சொல்லும்தான். கோவில்களில் ஜனங்கள் பால் செம்போடு மைல் கணக்கில் நின்றார்கள். காரியாலயங்களில் வேலை நின்றது. பால் விலை ஏறிற்று.

மத்திய சர்க்காரின் விஞ்ஞான இலாகாவைச் சேர்ந்தவர்கள் அன்றே கோவிலுக்குப் போய், பாலில் சாயத்தைக் கலந்து கரண்டியில் கொடுத்துப் பார்த்தார்கள். சாயம் பிள்ளையாரின் வயிற்றுக்குள் போகவில்லை. தும்பிக்கையிலிருந்து மெல்லிய படலமாக மார்பின் மேல் வழிந்து காலடிக்கு இறங்கியது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. திரவத்தின் மேற்பரப்புக்கு ஓர் இழுவிசை உண்டு. நிறையப் பால் உள்ள கரண்டியை நனைந்த கல்லின் மேல் ஒட்டிப் பிடித்துச் சற்றே சாய்த்தால், கல்லின் மேலுள்ள ஈரம் பாலைத் தன்னோடு சேர்த்து இழுத்துக் கொள்ளும். விளக்குத் திரி எண்ணெயை மேலே ஏற்றுவதும் இதற்கு நெருங்கின சங்கதிதான். வெள்ளைக் கல்லின் மேல் வெள்ளைப் பால் வழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான் அதிசயம்.

இதைப் பரீட்சித்துப் பார்க்க டெல்லியிலிருந்து விஞ்ஞானி வரவேண்டியதே இல்லை. வீட்டு ஆட்டுக்கல்லின் குழவியைக் கழுவி நிமிர்த்தி வைத்து, ஒரு கரண்டிப் பாலை அதன் முனையில் ஒட்டிப் பிடித்தால் குழவியும் குடிக்கும். அம்மியும் குடிக்கும். துணி துவைக்கிற கல்லும் குடிக்கும். ஒரு செம்புப் பாலைக் கோவிலில் கொட்ட மூன்று மணி நேரம் வரிசையில் நின்றவர்கள், ஒரு கரண்டிப் பாலைக் குழவிக்குக் கொடுத்துப் பார்க்க மூன்று நிமிஷம் செலவிடவில்லையே என்பதுதான் நமது வருத்தம். அந்தப் பாலுக்காக அன்றைக்குக் காத்திருந்த குழந்தைகளைப் பற்றி நாம் எழுத வேண்டியதில்லை.

இது டெல்லிச் சங்கதி என்றால், நமது ஜில்லாச் சங்கதி ஒன்றும் உண்டு. 2012ம் வருஷத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் ரத்தக் காட்டேரி ஒன்று ராத்திரியில் வந்து ஆடு மாடுகளின் இரத்தத்தைக் குடித்துவிட்டுப் போகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பிற்று. பொழுது சாய்ந்ததும் தெருக்கள் வெறிச்சென்று ஆகிவிட்டதாகப் பத்திரிகைகளும் எழுதின. அந்த வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த வருஷம் என்பதையும் இங்கு சொல்லி வைக்கிறோம். காட்டேரிக்கு வேண்டிய இருட்டுக்குக் குறைவே இல்லை.

செத்துக் கிடந்த ஆட்டின் உடம்பில் இரத்தமே இல்லை, கழுத்தில் மட்டும் இரண்டு பல் தடம் இருக்கிறது என்று சொன்னால், அது கேட்பவரை நடுங்க வைக்கக் கூடியதுதான். ஆனால் நாயும் நரியும் ஆட்டைக் கழுத்தில் பிடிப்பதுண்டு என்பது ஆடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும். உயிர் போய் ஓட்டம் நின்றதும் இரத்தம் கிடக்கிற பக்கமாக அடியில் இறங்கித் தேங்கிவிடும். மேற்பக்கம் வெளுத்துப் போய்க் காணப்படும். அப்புறம் கத்தியால் கீறினாலும் பீறிட்டு வராது. இது கறி வெட்டுகிற எவருக்கும் தெரிந்த விஷயம். கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு அறுத்துப் பார்க்கச் சொன்னால் அரைமணி நேரத்தில் தீர்ந்து போகிற சந்தேகத்திற்கு, கதவில் குறி போடுவதும், தாயத்துக் கட்டுவதும், மந்திரிக்கிறவனுக்குக் கோழி கொடுப்பதும் பரிகாரமென்றால் அதனால் லாபம் அடைகிறவன் யார் என்று யோசிக்க வேண்டாமா? காட்டேரியின் வயிறு நிரம்பிற்றோ இல்லையோ, மந்திரிக்கிறவன் வயிறு நிரம்புவது நிச்சயம். நஷ்டமோ, ராத்திரியில் கரண்டு வரும்போது பம்புசெட்டுப் போட வயலுக்குப் போக வேண்டியவனுக்கும், கக்கூஸ் இல்லாத வீட்டில் இருட்டிய பிறகே வெளியே போக முடிந்த பெண்களுக்கும்.

"சரி, இதனால் என்ன குடி முழுகிப் போய்விட்டது? பால் வீணாயிற்று, நாலு நாள் தூக்கம் போயிற்று, இதற்கு ஒரு தலையங்கமா?" என்று சிலர் கேட்கக் கூடும். அவர்களுக்கு நமது பதில் போளூரில் இருக்கிறது.

2018ம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கூட்டம் தமிழ்நாட்டில் இறங்கியிருக்கிறது என்று குரல் பதிவுகளும் படங்களும் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. இந்த வதந்தி தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. அக்காலத்தில் இந்தியாவில் பல இடங்களில் சுற்றிய படம் ஒன்று, பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக ஒரு சங்கத்தார் விளம்பரமாக எடுத்தது. மோட்டார் சைக்கிளில் வந்தவன் குழந்தையைத் தூக்கிக் கொண்டு போவதும், பிறகு திரும்பி வந்து இறக்கி விட்டுவிட்டு எச்சரிக்கை அட்டையைக் காட்டுவதும் அதில் இருந்தது. எவனோ ஒருவன் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்து விட்டு, தூக்கிக் கொண்டு போகிற பகுதியை மாத்திரம் ஊருக்கு விட்டான். பார்த்தவர்கள் பதறினார்கள், பதறினவர்கள் அனுப்பினார்கள். அனுப்பினவர்களில் அநேகமாக எல்லோரும் நல்லவர்கள், பிள்ளை குட்டி பெற்றவர்கள், "நாலு பேருக்குத் தெரிந்தால் நல்லதுதானே" என்று நினைத்தவர்கள்.

அவ்வருஷம் மே மாதம் 9ந் தேதி, சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் குலதெய்வக் கோவிலுக்குப் போவதற்காகக் காரில் திருவண்ணாமலை ஜில்லா போளூருக்குப் பக்கத்தில் அத்திமூர் வழியாக வந்தார்கள். வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அங்கே விளையாடிக் கொண்டிருந்த குழந்தைகளுக்கு, அவர்களோடு வந்த 65 வயதுக் கிழவி சாக்லெட் கொடுத்தார். அதுதான் அவர் செய்த குற்றம். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூச்சல் எழும்பிற்று. கூட்டம் கூடி அடித்து அந்த அம்மையாரைக் கொன்றது. கூட வந்தவர்களும் பலத்த காயமடைந்தார்கள். குழந்தையைக் கண்டால் கையிலிருப்பதைக் கொடுப்பது தமிழ்நாட்டுப் பாட்டிமார்களின் வழக்கமல்லவா? அந்த வழக்கமே அவருக்கு எமனாயிற்று. அதே வருஷம் ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தில் தூலே ஜில்லா ராயின்பாடா கிராமத்தில் இதே பேச்சினால் ஐந்து பேர் ஒரு சேர அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் ஊர் ஊராய்ப் போய்ப் பிச்சை எடுத்துப் பிழைக்கிற நாடோடி வகுப்பார். வதந்திக்கு முதல் பலி எப்போதும் கேட்பாரற்றவனும், கிழவியும், அயலூரானும்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

அந்த ஜூலை மாதத்திலேயே வாட்ஸ்அப் கம்பெனியார், இந்தியாவில் ஒருவர் ஒரு சேதியை ஒரே சமயத்தில் ஐந்து இடத்துக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி கட்டுப்பாடு செய்தார்கள். அடுத்த வருஷம் உலகம் முழுவதற்கும் அப்படியே செய்தார்கள். நல்லதுதான். ஆனால் இயந்திரத்துக்குக் கடிவாளம் போட்ட நாம் நமது வாய்க்கு என்ன போட்டிருக்கிறோம்? அத்திமூரில் அடித்த கையைப் போலீஸார் பிடித்தார்கள். "எதற்கும் ஜாக்கிரதையாக இருங்கள்" என்று ஒரு வரி அபிப்பிராயத்தைச் சேர்த்து அனுப்பிய கைகள் எத்தனை ஆயிரம் என்பதை எந்தக் கோர்ட்டும் எண்ணப் போவதில்லை.

நமது தோழர்களுக்கும் இங்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பக்தன் அனுப்புகிற பொய்யைக் கண்டு சிரிக்கிற நம்மவர்களில் சிலர், நமக்குப் பிடித்தமான பொய் வந்தால் அதைக் கண்ணை மூடிக் கொண்டு அனுப்புவதை நாம் பார்க்காமலில்லை. ஒரு சாமியாரைப் பற்றி அசிங்கமான சேதி வந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைப்பதும், ஒரு மேல்நாட்டு அறிஞர் கடவுள் இல்லை என்று சொன்னதாக வந்தால் அவர் சொன்னாரா என்று பார்க்காமலே கைதட்டுவதும் பகுத்தறிவாகுமா? "ஜனகணமன" பாட்டை உலகத்திலேயே சிறந்த தேசிய கீதமென்று யுனெஸ்கோ ஸ்தாபனம் அறிவித்து விட்டதாக ஒரு புளுகு வருஷக் கணக்காகச் சுற்றி வந்தது. அந்த ஸ்தாபனத்தார் தாங்கள் அப்படி ஒன்றும் அறிவிக்கவில்லை என்று மறுத்த பிறகும் அது செத்தபாடில்லை. அதைப் பரப்பினவர்கள் தேசபக்தர்கள் என்று நாம் கேலி செய்தால், நமது சட்டைப் பையிலும் அப்படிப்பட்ட சரக்கு எத்தனை இருக்கிறது என்று தடவிப் பார்த்துக் கொள்ள வேண்டியதுதான் யோக்கியப் பொறுப்பு.

நிற்க, எங்கோ மரத்தில் பால் வடிவதைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் வைத்திருக்கும் நமக்கு, நம் வாய்க்குள்ளேயே இருக்கிற அதிசயத்தைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருந்து வந்தது என்பதைக் கவனிப்போம்.

தர்மபுரி ஜில்லாவில் பல கிராமங்களில் குழந்தைகளுக்குப் பால்பல் விழுந்து முளைக்கிற பற்கள் வெண்மையாக இல்லாமல், சுண்ணாம்புத் திட்டு போலவும், மஞ்சளாகவும், காவிக் கோடு போட்டது போலவும் இருப்பதைத் தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். நாற்பது, ஐம்பது வயதில் கழுத்துத் திரும்பாமல், முதுகு நிமிராமல், முழங்கால் மடங்காமல் போகிறவர்களையும் பார்த்து வருகிறோம். இதற்கு ஜனங்கள் சொல்லி வந்த அபிப்பிராயங்கள் எத்தனை! பல் விளக்காத சோம்பேறி என்றார்கள். வெற்றிலை என்றார்கள். வம்சம் என்றார்கள். தலைவிதி என்றார்கள். பெண் பார்க்க வந்தவன் பல்லைப் பார்த்து விட்டு எழுந்து போனான் என்றால், அந்தப் பெண்ணின் ஜாதகத்தில் தோஷம் என்று பரிகாரம் செய்யப் போனார்கள். கூச்சத்தினால் வாயைக் கையால் பொத்திக் கொண்டே சிரிக்கப் பழகிய பெண்கள் இந்த ஜில்லாவில் எத்தனை பேர்!

காரணம் குடிக்கிற தண்ணீர். பாறையில் இருக்கிற ப்ளோரைடு என்னும் உப்பு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லி கிராமுக்குள் இருப்பது நலம். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் ஒன்றரை மில்லி கிராம் வரை பொறுத்துக் கொள்ளலாம் என்பது இந்தியாவில் வகுத்துள்ள அளவு. அதற்கு மேல் போனால், பல் உருவாகிக் கொண்டிருக்கிற சின்ன வயதுக் குழந்தையின் பல்லைக் கெடுக்கும். வருஷக் கணக்காகக் குடித்தால் பெரியவர்களின் எலும்பையும் பிடிக்கும். மழை குறைந்து, கிணறு வற்றி, போர்வெல்லை ஆழமாக இறக்க இறக்கப் பாறைத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டி வருகிறது. கொதிக்க வைத்தால் தீர்ந்து விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. தண்ணீர் வற்றி உப்பு இன்னும் கெட்டியாகும்.

இதைக் கண்டுபிடித்த விதம் நமது விஷயத்திற்கு மிகவும் பொருத்தமானது. அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் 1901ம் வருஷம் பல் வைத்தியம் செய்ய வந்த பிரடெரிக் மெக்கே என்பவர், அவ்வூர்க்காரர்களின் பற்கள் காவி படிந்திருப்பதைக் கண்டார். ஊராருக்கு அதைப் பற்றி அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. பன்றி மாமிசம் அதிகம் தின்பதால் என்றார்கள். கெட்ட பால் குடிப்பதால் என்றார்கள். மெக்கே அபிப்பிராயம் சொல்லவில்லை, கணக்கெடுத்தார். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காவி இருக்கிறது, பெரியவர்களான பிறகு குடியேறினவர்களுக்கு இல்லை என்று கண்டார். 1923ம் வருஷம் ஐடஹோ மாகாணத்தில் ஓக்லி என்கிற சின்ன ஊருக்குப் போனார். அங்கே பெற்றோர்கள், தூரத்து ஊற்றிலிருந்து ஊருக்குப் புதிதாகக் குழாய் போட்ட பிறகுதான் குழந்தைகளுக்கு இந்தக் காவி வந்தது என்று சொன்னார்கள். அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்குப் போகச் சொன்னார். அவர்களும் அப்படியே செய்தார்கள். சில வருஷங்களில் இளங்குழந்தைகளுக்குப் பல் வெள்ளையாக முளைத்தது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அப்பொழுதும் தெரியாது. தெரியாது என்றே சொல்லி வந்தார். 1931ம் வருஷம் சர்ச்சில் என்ற ரசாயன நிபுணர் பரிசோதித்து அது ப்ளோரைடு என்று காட்டினார். முப்பது வருஷம்! நமது டீக்கடையில் ஐந்து நிமிஷம்.

நமது நாட்டிலும் இது தெரியாமல் போகவில்லை. 1937ம் வருஷத்திலேயே, அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் எலும்பு இறுகி முடமானவர்களைப் பரிசோதித்து, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த டாக்டர் ஷார்ட் முதலியவர்கள் இது தண்ணீரில் உள்ள ப்ளோரைடினால் வந்தது என்று வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். அதற்குப் பிறகு தர்மபுரிக்குக் காவேரித் தண்ணீர் வர எத்தனை காலம் பிடித்தது என்று பாருங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நாட்டுக் கடன் உதவியோடு, சுமார் 1928 கோடி ரூபாயில், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்காக 2008ம் வருஷம் அஸ்திவாரம் போடப்பட்டு 2013ம் வருஷம் மே மாதத்தில் துவக்கப்பட்டது. அத்திட்டத்தின் பெயரிலேயே ப்ளோரைடு நோயைத் தணிப்பது என்ற வார்த்தை இருக்கிறது.

2008ம் வருஷத்தில் அந்தத் திட்டத்தைப் பற்றிக் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் எழுந்த கூச்சலை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய கொட்டகைகள் தாக்கப்பட்டன. சென்னையில் சினிமா நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒகேனக்கல்லைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் அன்று தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் பென்னாகரத்துக் குழந்தையின் பல்லுக்காகவும் எலும்புக்காகவும் கேட்கப்படுகிறது என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? நடிகர்கள் யார் யார் மேடைக்கு வந்தார்கள், யார் யார் வரவில்லை என்பது தெரிந்த அளவில் நூற்றில் ஒரு பங்குகூட அது தெரிந்திருக்காது என்பது நமது அபிப்பிராயம். நாமும் அபிப்பிராயம் சொல்லித்தானே ஆக வேண்டும்.

இதே ஜில்லாவில் தொப்பூர்க் கணவாயையும் சொல்ல வேண்டும். சேலத்திற்கும் தர்மபுரிக்கும் நடுவே அந்த இறக்கத்தில் லாரிகள் ஒன்றின் மேல் ஒன்று மோதி மனிதர்கள் சாவது வழக்கமான சேதி. விபத்து ஓயாத இடமென்றால் அங்கே ஒரு முனி குடியிருப்பதாகச் சொல்வாரும் கூடவே தோன்றி விடுவார்கள். நீண்ட இறக்கமும் வளைவுமான பாதையில், டீசலை மிச்சப்படுத்துவதற்காகக் கியரை விட்டு நியூட்ரலில் வண்டியை உருட்டிக் கொண்டு வந்தால், பிரேக்கைத் தவிர வேறு பிடி இல்லை. அழுத்தி அழுத்திப் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் முன்னால் போகிற வண்டிதான் தடுப்பு. முன்பக்கத்தில் எலுமிச்சம் பழமும் மிளகாயும் தொங்கிக் கொண்டுதான் இருக்கும். கியர் மாத்திரம் விழுந்திருக்காது.

வாட்ஸ்அப்பையும் டீக்கடைப் பேச்சையும் விட்டுவிட்டு எல்லோரும் லைப்ரரிக்குப் போக வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பேசுங்கள், நன்றாகப் பேசுங்கள். ஆனால் சேதியைக் கொண்டு வந்தவனைப் பார்த்து, "எந்த ஊர் அப்பா? என்றைக்கு? நீ பார்த்தாயா, பார்த்தவனைப் பார்த்தாயா?" என்று கேட்கிற ஒரு ஆள் ஒவ்வொரு பெஞ்சியிலும் இருக்க வேண்டுமென்பதுதான் நமது ஆசை. அந்த ஆளை ஊரார் முதலில் வீம்புக்காரன் என்பார்கள். சொல்லட்டும். விசாரித்தும் விடை கிடைக்கவில்லையானால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லுவதற்கு வெட்கப்பட வேண்டாம். மெக்கே முப்பது வருஷம் அதைத்தான் சொன்னார்.

அபிப்பிராயம் சொல்லியே தீரவேண்டுமென்று நாக்கு அரிக்கிறவர்களுக்கு ஒரு வேலையும் சொல்லுகிறோம். உங்கள் ஊரில் மணமாகி வந்த மருமகள்களில், தூரத்து ஊரில் பிறந்து வளர்ந்தவர்களின் பல்லையும், உங்கள் ஊரிலேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளின் பல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாய்க்கு வெள்ளையாகவும் பிள்ளைக்குக் காவியாகவும் இருந்தால், அது வம்சமா, விதியா, தண்ணீரா என்று அந்தப் பெஞ்சியிலேயே விவாதம் செய்யுங்கள். விவாதம் முடிவதற்குள் ஒருவர் எழுந்து போய், குடிக்கிற போர்வெல் தண்ணீரைச் சுத்தமான ஒரு பாட்டிலில் பிடித்து, ஊர்ப் பெயரையும் தேதியையும் மேலே எழுதி, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலையில் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரட்டும். அவர்கள் எழுதிக் கொடுக்கிற எண்ணிக்கையை அந்த டீக்கடைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.